சிறு தொழிலில் ஆட்களை வைத்து நல்ல வேலை வாங்குவது எப்படி: புதிய உரிமையாளர்களுக்கான வழிகாட்டி

தொழிலைத் தனியாளாகத் தொடங்கியவர் முதல் ஆளை வேலைக்குச் சேர்க்கும் நாளில் அவருடைய வேலையே மாறிவிடுகிறது. அதுவரை பொருளைச் செய்வதும் விற்பதும் கணக்கு எழுதுவதும் அவரே என்பதால், எதை எப்போது எந்த அளவுக்குச் செய்ய வேண்டும் என்பது அவர் மனத்தில் மட்டும் இருந்தால் போதுமானதாக இருந்தது. இரண்டாவது ஆள் உள்ளே வந்த பிறகு அந்த அறிவு மனத்தைவிட்டு வெளியே வந்தாக வேண்டும். அது வெளியே வராத வரை, வந்தவர் ஊகித்துத்தான் வேலை செய்வார். ஊகம் தவறும்போதெல்லாம் உரிமையாளர் சலித்துக்கொள்வார். சிறு நிறுவனங்களில் "ஆள் சரியில்லை" என்று சொல்லப்படும் குறைகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே, கீழே வரும் ஒவ்வொரு படியிலும் ஆளைப் பற்றிய கேள்விக்கு முன்னால் வேலையின் அமைப்பைப் பற்றிய கேள்வியை வைத்திருக்கிறேன்.

ஒருவர் முதல் ஏறத்தாழ இருபது பேர் வரை வேலை செய்யும் நிறுவனத்தை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அத்தகைய நிறுவனத்தில் மனிதவளத்துக்கென்று தனிப் பிரிவு இருக்காது; வேலை சொல்பவர், சம்பளம் போடுபவர், குறை கேட்பவர் எல்லாம் ஒருவரே. இதில் சுமை உண்டு என்றாலும் பெரிய வசதி ஒன்றும் உண்டு: பெரிய நிறுவனத்தில் பல மாதங்கள் எடுக்கும் ஒரு மாற்றத்தை இங்கே மறுநாள் காலையிலேயே செய்துவிடலாம்.

முதல் படி: வேலையை எழுதி வைத்தல்

ஒவ்வொரு பணிக்கும் ஒரு பக்கம் போதும். அந்தப் பணி எதற்காக இருக்கிறது என்பது ஒரு வாக்கியம். அதிலிருந்து எதிர்பார்க்கப்படும் முக்கியமான விளைவுகள் ஐந்தோ ஆறோ. அந்த வேலை முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வது. சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது. இவற்றோடு, பெரும்பாலோர் எழுத மறக்கும் ஒரு பகுதியையும் சேருங்கள்: கேட்காமலேயே அவர் எடுக்கக்கூடிய முடிவுகள் எவை என்பது. வாடிக்கையாளர் பொருளைத் திருப்பிக் கொண்டுவந்தால் எந்தத் தொகை வரை அவரே பணத்தைத் திருப்பித் தரலாம், எந்தத் தள்ளுபடியை அவரே கொடுக்கலாம், கையிருப்பு எவ்வளவு குறைந்தால் அவரே ஆர்டர் போடலாம் என்பவை எழுத்தில் இல்லாவிட்டால், ஒவ்வொரு சிறு விஷயத்துக்கும் உங்களைத் தேடி வருவார். அல்லது உங்களுக்குப் பிடிக்காத முடிவை எடுத்துவிடுவார். இரண்டுக்கும் நீங்கள் அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்தப் பக்கத்தை ஒரே மூச்சில் எழுத முயல வேண்டாம். இரண்டு வாரங்களுக்கு ஒரு குறிப்பேட்டில் நடக்கும் வேலைகளை அவ்வப்போது குறித்து வந்தால், நினைவில் வராத பல வேலைகள் தாமாகவே வெளிப்படும். தவறினால் பணமோ பாதுகாப்போ வாடிக்கையாளரோ போய்விடக்கூடிய வேலைகளுக்கு மட்டும் தனியாகச் செய்முறையையும் சரிபார்ப்புப் பட்டியலையும் எழுதுங்கள். எல்லா வேலைக்கும் செய்முறை எழுதினால் எதையும் யாரும் படிக்கமாட்டார்கள். எழுதியது தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு: அந்த வேலையை அறியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து அதன்படி செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கே நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அங்கே ஒரு வரி குறைகிறது.

இரண்டாம் படி: ஆளைத் தேர்ந்தெடுத்தல்

வேலை குவிந்த பிறகு அவசரமாக ஆள் தேடுவதும், அரை மணி நேரம் பேசிப் பார்த்து "நல்லவராகத் தெரிகிறார்" என்று சேர்த்துக்கொள்வதும் சிறு நிறுவனங்களில் வழக்கம். இந்த வழி எவ்வளவு நம்பத்தக்கது என்பதை உளவியலாளர்கள் நெடுங்காலமாக அளந்து வந்திருக்கிறார்கள். ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் 85 ஆண்டுக் கால ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட முடிவுகளில், பின்னாளைய வேலைத்திறனோடு ஒவ்வொரு தேர்வு முறைக்கும் உள்ள தொடர்பை 0 முதல் 1 வரையிலான அளவில் குறித்தார்கள். வேலையின் ஒரு பகுதியையே செய்யச் சொல்லிப் பார்க்கும் சோதனைக்கு 0.54, முன்கூட்டியே வகுத்த கேள்விகளோடு நடத்தும் நேர்காணலுக்கு 0.51, மனம்போனபடி பேசும் நேர்காணலுக்கு 0.38, வேலை பார்த்த ஆண்டுகளின் எண்ணிக்கைக்கு வெறும் 0.18. 2022இல் வேறு ஆய்வாளர்கள் இக்கணக்கைத் திருத்தியபோது எண்கள் பொதுவாகக் குறைந்தாலும், வகுத்த கேள்விகளுடைய நேர்காணல் முதலிடத்தைப் பிடித்தது.

இதை நடைமுறையில் செய்யச் செலவே இல்லை. எழுதி வைத்த பணிப் பக்கத்திலிருந்து ஆறு கேள்விகளை உருவாக்கி, வரும் எல்லோரிடமும் அதே வரிசையில் கேளுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண் இடுங்கள். "கோபமான வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள்?" என்பதைவிட, "அண்மையில் ஒரு வாடிக்கையாளர் கோபப்பட்ட சமயத்தில் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அது எப்படி முடிந்தது?" என்பது பல மடங்கு பயனுள்ள கேள்வி, நடந்ததைச் சொல்பவரிடம் மேலும் மேலும் விவரம் கேட்கலாம், கற்பனையைச் சொல்பவரிடம் அது முடியாது. பிறகு ஒரு சிறிய வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்: பத்து ரசீதுகளைப் பதிவு செய்தல், ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுதல், ஒரு பொருளைச் சரியாகக் கட்டி அனுப்பத் தயார் செய்தல். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் சோதனை என்றால் அதற்குக் கூலி கொடுத்துவிடுவதே நியாயம்.

திருமணம், கருவுறுதல், மதம், சாதி, குடும்பப் பின்னணி ஆகியவற்றைக் கேட்க வேண்டாம். பல நாடுகளில் இவற்றை வைத்து ஆள் எடுப்பதோ ஒதுக்குவதோ சட்டத்துக்குப் புறம்பானது. சட்டம் இல்லாத இடத்திலும் வேலைக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிக்கும்போது, "எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். "வாய்ப்பு வந்தால் இவரை மறுபடி சேர்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும் வேகத்தைக் கவனியுங்கள்.

மூன்றாம் படி: சேர்த்த பிறகு வரும் முதல் வாரங்கள்

பணி நியமனக் கடிதம் இல்லாமல் யாரையும் வேலையில் சேர்க்காதீர்கள். சம்பளம், அது தரப்படும் தேதி, வேலை நேரம், விடுப்பு, மிகைநேர வேலைக்கான கூலி, தகுதிகாண் காலம், விலகவோ விலக்கவோ தர வேண்டிய முன்னறிவிப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919இல் இயற்றிய முதல் உடன்படிக்கையே தொழிற்கூட வேலையை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. பிறகு ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் வெவ்வேறு வரம்புகளை வைத்திருக்கிறது. உங்கள் பகுதியின் தொழிலாளர் துறையிடமோ உங்கள் கணக்காளரிடமோ, குறைந்தபட்ச ஊதியம், காப்பீடு, வருங்கால வைப்பு போன்றவற்றில் உங்கள் அளவுள்ள நிறுவனத்துக்கு எவை பொருந்தும் என்று முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பயிற்சி என்று வரும்போது, "கூடவே இருந்து பார்த்துக் கற்றுக்கொள்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பார்த்துக் கற்பவர் பழைய ஆளின் நல்ல பழக்கத்தோடு குறுக்கு வழிகளையும் சேர்த்தே கற்கிறார். இரண்டாம் உலகப் போரின்போது, அனுபவமே இல்லாத பெருந்திரளான மக்களைத் தொழிற்சாலை வேலைக்குப் பழக்க வேண்டிய நெருக்கடி அமெரிக்காவில் ஏற்பட்டது. அப்போது அந்நாட்டு அரசு 1940 முதல் 1945 வரை நடத்திய திட்டத்தில் நான்கு படிகள் கொண்ட ஒரு பயிற்று முறை பயன்பட்டது. அது பிறகு ஜப்பானுக்குச் சென்று அங்குள்ள வாகனத் தொழிற்சாலைகளில் வேரூன்றியது. முதலில் கற்பவரை இயல்பாக்கி, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று அறிய வேண்டும். அடுத்து, வேலையைப் பகுதி பகுதியாகச் செய்து காட்டி, எந்த இடத்தில் கவனம் தேவை, ஏன் தேவை என்று சொல்ல வேண்டும். மூன்றாவதாக, அவரைச் செய்யவிட்டு, செய்யும்போதே ஒவ்வொரு பகுதியையும் காரணத்தோடு அவர் வாயால் விளக்கச் சொல்ல வேண்டும். கடைசியாக, தனியே விட்டு, யாரைக் கேட்பது என்று சொல்லி, முதலில் அடிக்கடியும் பிறகு இடைவெளி விட்டும் சென்று பார்க்க வேண்டும். கற்பவர் கற்கவில்லை என்றால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை என்பது அந்தத் திட்டத்தின் முழக்கம். அதை அப்படியே ஏற்கலாம் என்று நினைக்கிறேன்.

பலரும் தவறவிடுவது அந்த மூன்றாவது படியைத்தான். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், முதலாளியிடம் "புரியவில்லை" என்று சொல்லும் துணிவு முதல் வாரத்தில் யாருக்கும் வராது. "இந்த இடத்தில் ஏன் இரண்டு முறை எண்ணுகிறோம், சொல்லுங்கள்" என்று கேட்டால்தான் புரிந்ததும் புரியாததும் தெரியும். முதல் வாரத்தின் முடிவிலும், முதல் மாத முடிவிலும், மூன்றாம் மாத முடிவிலும் உட்கார்ந்து பேசும் நாள்களை அவர் சேரும் அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

நான்காம் படி: இலக்கும் அளவும்

"முடிந்தவரை நன்றாகச் செய்யுங்கள்" என்பது அன்பான சொல். வேலைக்கு அது போதாது. எட்வின் லாக், கேரி லேத்தம் ஆகிய இருவரும் பல பத்தாண்டுகள் செய்த ஆய்வுகள், திட்டவட்டமான, சற்றே கடினமான இலக்கு உள்ளவர்கள் "முடிந்ததைச் செய்" என்று சொல்லப்பட்டவர்களைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்பதைத் திரும்பத் திரும்பக் காட்டின. ஆனால் வேலை சிக்கலானதாகவும் ஆள் புதியவராகவும் இருந்தால், எண்ணிக்கை இலக்கு அவரைப் பதற வைக்கும். அப்போது "இந்த மாதத்துக்குள் இந்த மூன்று வகை ஆர்டர்களைத் துணையில்லாமல் செய்யக் கற்க வேண்டும்" என்ற கற்றல் இலக்கே பொருத்தம்.

இலக்கு வகுப்பதற்கான ஐந்து பண்புகளை ஜார்ஜ் டோரன் 1981இல் முன்வைத்தார்: திட்டவட்டமாக இருத்தல், அளக்கத்தக்கதாக இருத்தல், யார் செய்வார் என்று குறிக்கப்பட்டிருத்தல், நடக்கக்கூடியதாக இருத்தல், காலவரையறை இருத்தல். பின்னால் வந்த பலர் மூன்றாவதை "அடையத்தக்கது" என்று மாற்றிவிட்டார்கள். சிறு நிறுவனத்துக்கு டோரன் சொன்ன மூலப் பண்பே முக்கியம். ஏனென்றால் ஐந்து பேர் இருக்கும் இடத்தில் பெரும்பாலான வேலைகள் விழுந்துபோவது அது யாருடையது என்று யாருக்கும் தெரியாததால்தான்.

ஒருவருக்கு மூன்று அளவுகளுக்கு மேல் வைக்காதீர்கள். அந்த மூன்றும் ஒன்றையொன்று காக்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை பொருள்கள் அனுப்பப்பட்டன என்பதை மட்டும் எண்ணினால் வேகம் கூடும், தவறான முகவரிக்குச் செல்பவையும் கூடும். ஆகவே அனுப்பியவற்றின் எண்ணிக்கையோடு, திரும்பி வந்தவற்றின் எண்ணிக்கையையும், ஆர்டர் வந்ததிலிருந்து அனுப்பும் வரை ஆன நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். அளவு எதுவானாலும், அதைக் கூட்டவும் குறைக்கவும் அந்த ஆளின் கையில் வழி இருக்க வேண்டும். சந்தையின் போக்கால் விற்பனை குறைந்த மாதத்துக்குக் கல்லாவில் இருப்பவரைக் கேள்வி கேட்பது அளவீடு ஆகாது. எண்களை அவரே எழுதி வைக்கட்டும். உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் எண் அவரைக் கண்காணிக்கிறது. அவர் கண்முன் பலகையில் இருக்கும் எண் அவருக்கு உதவுகிறது.

ஐந்தாம் படி: வாரந்தோறும் பேசுதல்

ஒவ்வொருவரோடும் வாரத்துக்கு ஒரு முறை இருபது நிமிடம் தனியாகப் பேசுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் நீண்ட மதிப்பாய்வைவிட இது பல மடங்கு பயன் தரும். அந்த ஆண்டு மதிப்பாய்வில் வேறொரு பழைய சிக்கலும் உண்டு: ஒருவரின் ஏதோ ஒரு பண்பு நமக்குப் பிடித்துவிட்டால் தொடர்பில்லாத மற்றப் பண்புகளுக்கும் உயர்ந்த மதிப்பெண் போடுகிறோம் என்பதை, இராணுவ அதிகாரிகள் தம் கீழிருந்தோருக்கு இட்ட மதிப்பீடுகளைக் கொண்டு எட்வர்ட் தார்ண்டைக் 1920இலேயே காட்டினார். வாரந்தோறும் பேசிக் குறித்துவைத்த சான்றுகள் இந்த மயக்கத்துக்கு நல்ல மருந்து. இந்த வாரம் என்ன முடிந்தது, எது தடையாக இருக்கிறது, என்னிடமிருந்து என்ன வேண்டும் என்ற மூன்று கேள்விகள் போதும். பேச்சில் பெரும்பகுதி அவருடையதாக இருக்கட்டும். தடை என்று அவர் சொன்னதில் ஒன்றையாவது அடுத்த வாரத்துக்குள் நீக்குங்கள். அது நடக்கவில்லை என்றால் மூன்றாவது வாரத்திலிருந்து அவர் எதையும் சொல்லமாட்டார்.

குறை நிறைகளைச் சொல்வதில் கவனம் தேவை. அவ்ரஹாம் க்ளூகரும் ஏஞ்சலோ டெனிசியும் 1996இல் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கருத்துச் சொல்வது சராசரியாக வேலையை மேம்படுத்தினாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நேர்வுகளில் வேலை மோசமாகிப்போனதைக் கண்டார்கள். கேட்பவரின் கவனம் வேலையிலிருந்து "நான் எப்படிப்பட்டவன்" என்ற எண்ணத்துக்குத் திரும்பும்போது கெடுதல் நேர்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். "உங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. அவர் தம்மைக் காத்துக்கொள்ளத் தொடங்குவார். "செவ்வாய்க்கிழமை கடையை மூடும்போது இருப்புக் கணக்கு எழுதப்படவில்லை, அதனால் புதன்கிழமை காலையில் இல்லாத பொருளுக்கு ஆர்டர் வாங்கிவிட்டோம், மூடுவதற்கு முன் அதை எழுத எது தடையாக இருந்தது?" என்பதில் நாள் இருக்கிறது, செயல் இருக்கிறது, விளைவு இருக்கிறது, பதில் சொல்ல இடமும் இருக்கிறது. பாராட்டும் இப்படியே இருக்க வேண்டும். "பிரமாதம்" என்ற சொல்லைக் கேட்டவருக்கு நாளை எதைத் திரும்பச் செய்வது என்று தெரியாது. பாராட்டைப் பலர் முன்னிலையில் சொல்லலாம். குறையைக் கதவை மூடிக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

கெட்ட செய்தியைக் கொண்டுவருபவரை எப்படி நடத்துகிறீர்கள் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில்தான் அதிகமான தவறுகள் பதிவாகியிருப்பதைக் கண்டு வியந்தார். அக்குழுக்கள் தவறுகளை மறைக்காமல் பேசக்கூடியவையாக இருந்திருக்கலாம் என்பது அவர் கண்ட விளக்கம். ஒருவர் தாமாக முன்வந்து "என்னால் தவறு நேர்ந்துவிட்டது" என்று சொல்லும் நொடியில் உங்கள் முகம் போகும் போக்கை மற்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் நன்றி சொல்லுங்கள், அடுத்துச் சேதத்தைக் குறையுங்கள், காரணத்தைப் பிறகு பேசலாம்.

ஆறாம் படி: வேலை சரியாக நடக்காதபோது

இந்தப் படியில்தான் உரிமையாளரின் பொறுமையும் நேர்மையும் சோதிக்கப்படுகின்றன. ஆகவே இதற்கு அதிக இடம் தருகிறேன். தர மேலாண்மையில் பெயர்பெற்ற டெமிங், வேலையில் நேரும் சிக்கல்களில் 94 விழுக்காடு அமைப்பைச் சேர்ந்தவை, அவற்றுக்கு நிர்வாகமே பொறுப்பு என்று தம் அனுபவத்திலிருந்து மதிப்பிட்டார். அந்த எண்ணைத் துல்லியமான அளவாகக் கொள்ள வேண்டியதில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதற்கு அது வழி காட்டுகிறது. தாமஸ் கில்பர்ட் 1978இல் வகுத்த வரிசை இதற்கு ஒரு முறையையே தருகிறது. வேலைத்திறன் குறைவதற்கான காரணங்களை அவர் ஆறாகப் பிரித்தார். முதல் மூன்று சூழலைச் சேர்ந்தவை, அடுத்த மூன்று ஆளைச் சேர்ந்தவை. சூழலில் செய்யும் திருத்தம் பெரும்பாலும் செலவு குறைந்தது, பலன் மிக்கது என்பதால் அங்கிருந்தே தொடங்கச் சொன்னார்.

அவ்வரிசையில் முதலில் கேட்க வேண்டியது தகவல் பற்றியது: என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பதும், இப்போது எப்படிச் செய்கிறார் என்பதும் அவருக்குத் தெரியுமா? "தெரியாமல் எப்படி இருக்கும்?" என்று எண்ணாமல், "உங்கள் வேலையில் மிக முக்கியமானவை எவை என்று நினைக்கிறீர்கள்?" என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்லும் பட்டியலும் உங்கள் மனத்திலுள்ள பட்டியலும் ஒத்துப்போவது அபூர்வம் என்பதைக் காண்பீர்கள். இரண்டாவது கேள்வி கருவிகளைப் பற்றியது: பழுதான இயந்திரம், மெதுவான கணினி, போதாத நேரம், ஒரே நேரத்தில் இருவர் கேட்கும் ஒரே சாவி. மூன்றாவது, ஊக்கத்தைப் பற்றியது: நன்றாகச் செய்தால் அவருக்கு என்ன கிடைக்கிறது? பல இடங்களில் வேகமாக முடிப்பவருக்குக் கிடைக்கும் பரிசு, மெதுவாகச் செய்பவரின் மிச்ச வேலைதான். அப்படியிருக்க, வேகமாகச் செய்பவர் ஒரு நாள் தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டால் அவரைச் சோம்பேறி என்பது சரியாகாது.

இம்மூன்றும் சரியாக இருக்கின்றன என்று உறுதியான பிறகுதான் ஆளின் பக்கம் திரும்ப வேண்டும். வேலை அவருக்குத் தெரியுமா? ஒரு காலத்தில் நன்றாகச் செய்தவர் என்றால் பயிற்சி தேவையில்லை. வேறு ஏதோ மாறியிருக்கிறது. உடலாலும் திறனாலும் அவருக்கு அது இயலுமா, அல்லது வேறொரு வேலையில் அவர் சிறப்பாகச் செய்வாரா? கடைசியாக, செய்ய விருப்பம் இருக்கிறதா? விருப்பம் திடீரென்று குறைந்தால் உடல்நலமோ வீட்டுச் சூழலோ காரணமாக இருக்கக்கூடும். அதைத் துருவிக் கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை. "சில வாரங்களாக நீங்கள் வழக்கம்போல் இல்லை, வேலை நேரத்தில் ஏதாவது மாற்றம் செய்தால் உதவியாக இருக்குமா?" என்று கேட்கலாம், சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம்.

இதற்குப் பிறகும் குறை தொடர்ந்தால், தனியே அழைத்து, இதுவரை நடந்தவற்றைத் தேதியோடு சொல்லி, எந்த மாற்றம் எந்த நாளுக்குள் தெரிய வேண்டும் என்பதை எழுத்தில் கொடுங்கள். பெரும்பாலான வேலைகளுக்கு முப்பது முதல் அறுபது நாள்கள் போதும். அந்த எழுத்தில் நீங்கள் செய்யப்போகும் உதவியும் இடம்பெற வேண்டும்: யார் கற்றுத்தருவார், எந்தக் கருவி வரும், வாரத்தில் எந்த நாள் கூடிப் பார்ப்பீர்கள் என்பவை. அவர் தரப்பை எழுத இடம் விடுங்கள். இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே அனுப்பும் முடிவை முன்பே எடுத்துவிட்டு, கோப்புக்காக மட்டும் இதைச் செய்வது நேர்மையற்றது. எதிரில் இருப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும், மற்றவர்களுக்கும் தெரியும்.

ஏழாம் படி: சம்பளமும் பரிசும்

சம்பளம் சொன்ன தேதியில் வர வேண்டும். நிறுவனத்தில் பணத்தட்டுப்பாடு வந்தால் முதலில் தள்ளிப்போவது உரிமையாளரின் பங்காக இருக்க வேண்டும். தேதி தவறுவது தவிர்க்கவே முடியாதபோது, அந்தத் தேதிக்கு முன்பே எல்லோரையும் அழைத்து, எவ்வளவு, எப்போது தருவீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

பொறியாளர்களையும் கணக்காளர்களையும் நேர்கண்டு 1959இல் தம் முடிவுகளை வெளியிட்ட ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க், சம்பளம், வேலைச் சூழல், மேற்பார்வை போன்றவை குறைந்தால் மனக்குறை உண்டாகிறது, ஆனால் மனநிறைவு தருபவை சாதனை, அங்கீகாரம், பொறுப்பு, வளர்ச்சி ஆகியவை என்று சொன்னார். அவருடைய முறையைப் பற்றி விமர்சனங்கள் பின்னர் எழுந்தன. ஆயினும் சிறு உரிமையாளருக்கு ஒரு பாடம் அதில் இருக்கிறது: சம்பளக் குறையைப் பாராட்டால் ஈடுகட்ட முடியாது, பொறுப்பும் வளர்ச்சியும் இல்லாத வேலையைச் சம்பளத்தால் மட்டும் காப்பாற்றவும் முடியாது. ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலையில் 1913இல் ஆட்கள் விலகிச் சென்ற வீதம் 370 விழுக்காடு. அதாவது ஒரே இடத்துக்கு ஆண்டில் மூன்று நான்கு முறை புது ஆள் எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாள் ஊதியத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி, வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்த பிறகு, 1915இல் அந்த வீதம் 16 விழுக்காடாகியது. சிறு நிறுவனத்தால் ஊதியத்தை அப்படி உயர்த்த முடியாது என்பது தெரிந்ததே. ஆனால் ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் விளம்பரம், நேர்காணல், பயிற்சி, தொடக்கத் தவறுகள், உங்கள் சொந்த நேரம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு, பிறகு சம்பள உயர்வு கேட்பவருக்குப் பதில் சொல்லுங்கள்.

ஊக்கத்தொகை வைப்பதானால், அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை அவரே போட்டுப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு எளிமையாக வையுங்கள். தனியாள் கமிஷன் வைத்தால், வரும் வாடிக்கையாளரை இருவர் இழுப்பதும், கமிஷன் இல்லாத வேலையை யாரும் தொடாததும் நடக்கும். ஒருவரையொருவர் சார்ந்த வேலைகளில் குழுவுக்குப் பொதுவான தொகையே நல்லது. ஒரே மதிப்புள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்பதை 1951ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை வலியுறுத்துகிறது. சம்பளம் யாருக்கும் தெரியாது என்று நினைக்க வேண்டாம்; சிறு நிறுவனத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்கு மற்றவரைவிட அதிகம் கொடுப்பதற்குக் காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல முடியவில்லை என்றால், அந்த வித்தியாசத்தைத் திருத்துங்கள். உறவினரோ நண்பரோ வேலையில் இருந்தால் இது இரட்டிப்பாகப் பொருந்தும். அவருக்கும் அதே பணிப் பக்கம், அதே அளவு, அதே வருகைப் பதிவு.

எட்டாம் படி: உங்கள் சொந்தப் பழக்கங்கள்

ஒரு வேலையை ஒருவரிடம் ஒப்படைத்த பிறகு, அவரைத் தாண்டி அவருக்குக் கீழே இருப்பவரிடம் நேரடியாக வேலை சொல்லாதீர்கள். "அவசரம்" என்ற சொல்லை உண்மையான அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஒப்படைக்கும்போது, விளைவு என்ன, காலக்கெடு என்ன, எல்லை என்ன, இடையில் எப்போது பார்ப்பீர்கள் என்று சொல்லிவிட்டு, வழியை அவரிடம் விடுங்கள். உங்களைவிடச் சற்று மெதுவாகவோ வேறு விதமாகவோ செய்வார். விளைவு சரியாக இருந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பாதியில் பிடுங்கி நீங்களே செய்து முடித்தால், அடுத்த முறை அவர் பாதியோடு நிறுத்திக்கொண்டு உங்களுக்காகக் காத்திருப்பார். வேலை நேரம் முடிந்த பிறகு அனுப்பும் செய்திகளையும் நிறுத்துங்கள். மனத்தில் தோன்றியதைக் குறித்துவைத்துக் காலையில் சொல்லலாம்.

ஒன்பதாம் படி: பிரிதல்

உதவியும் காலமும் கொடுத்த பிறகும் வேலை நடக்கவில்லை என்றால் பிரிவதைத் தள்ளிப்போட வேண்டாம். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்த ஆளின் பங்கை மற்றவர்கள் சுமக்கிறார்கள். பணிநீக்கத்துக்குச் செல்லத்தக்க காரணம் வேண்டும், நடத்தை அல்லது திறன் பற்றிய குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லும் வாய்ப்பை அதற்கு முன் தர வேண்டும் என்கிறது 1982ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை. இனம், மதம், கருவுறுதல், சங்கத்தில் உறுப்பினராக இருத்தல் போன்றவை செல்லத்தக்க காரணங்கள் ஆகா என்றும் அது சொல்கிறது. உங்கள் நாட்டின் சட்டம் கோரும் முன்னறிவிப்பையும் இழப்பீட்டையும் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். நேரில், தனியாக, சுருக்கமாகச் சொல்லுங்கள். முடிவை முதல் இரண்டு வாக்கியங்களுக்குள் சொல்லிவிட வேண்டும். பழைய தவறுகளை அடுக்கவோ விவாதிக்கவோ அது நேரமன்று.

நிலுவைச் சம்பளத்தையும் எஞ்சிய விடுப்புக்கான தொகையையும் கணக்கிட்டு, சட்டம் சொல்லும் நாளுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பணிச் சான்றிதழையும் கையோடு கொடுங்கள். சாவிகள், கடவுச்சொற்கள், பாதியில் நிற்கும் ஆர்டர்களின் பட்டியல் ஆகியவற்றை ஒப்படைக்க அவருக்கு நேரம் கொடுங்கள். தாமாக விலகுபவர் என்றால், எது இருந்திருந்தால் தொடர்ந்திருப்பார் என்று கேட்டு, சொல்வதை மறுக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். மீதமுள்ளவர்களிடம் அன்றே பேசுங்கள்: அவர் இனி இங்கே இல்லை என்பதையும், அவருடைய வேலைகளில் எது யாரிடம் எத்தனை வாரங்களுக்கு இருக்கும் என்பதையும், அந்தக் கூடுதல் வேலைக்கு என்ன தரப்படும் என்பதையும் சொல்லுங்கள். காரணங்களைச் சொல்ல வேண்டாம்.